பெரியப்பாவிடம் நீயே வந்து சொல்

சாமி, என் கண்ணு,

இவ்விடம் எல்லோரும் சுகம் என்று முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதவேண்டும் என்று எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் சொல்வார். இத்தனை வருஷமாக நானும் அப்படித்தான் எழுதி வந்தேன். காய்ச்சலில் கிடந்தபோதும், உழவு மாடு செத்துப்போன வாரத்திலும், உனக்குப் பரீட்சை நடக்கிறதே என்று சுகம், சுகம் என்றே எழுதினேன். இன்றைக்கு அந்த வரியை எழுத உட்கார்ந்து வெகுநேரம் ஆகிவிட்டது, கை வரவில்லை. இங்கே சுகம் இல்லை. நீ பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து உன் பெரியப்பா சரியாக இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த உலகச் சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை, அதனால் பொழுது இருக்கும்போதே எழுதி, திருச்செங்கோட்டுச் சந்தைக்குப் போகிற வண்டியில் தபாலுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். நான் பேச ஆரம்பித்தால் கட்டின மாடுகூடக் கயிற்றை அறுத்துக்கொண்டு போகும் என்று உன் பெரியப்பா சொல்வார். எழுத ஆரம்பித்தாலும் அப்படித்தான். பொறுத்துக்கொண்டு படி. பிழை இருந்தால் சிரிக்காதே. சிரிப்பைப் பற்றித்தான் இதில் எழுதப்போகிறேன்.

நேற்று மத்தியானம் சோறு போட்டு வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கயிற்றுக் கட்டிலில் ஆள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் பார்த்தேன், மாட்டுக் கொட்டகையில் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் கிணற்று மேட்டில் நிற்கிறார். நம் கிணறு உனக்குத் தெரியும், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற பக்கத்தில் சுவர் கிடையாது. அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறார். கால் விரல்கள் கல்லின் விளிம்பைத் தாண்டி இருக்கின்றன. நான் கத்தவில்லை. கத்தினால் திரும்புவார், திரும்பினால் விழுவார். செங்கோட்டு ஆண்டவனே, செங்கோட்டு ஆண்டவனே என்று வாய்க்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டு, மண்ணில் சத்தம் வராமல் நடந்து போய் அவர் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏனுங்க, இங்க வந்து என்ன பண்றீங்க?”

“தண்ணி எவ்வளவு கெடக்குதுன்னு பாக்கறேன், புள்ள.”

பார்க்கிறாராம். ஒரு கண் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. மிச்சமிருக்கிற கண்ணிலும் புரை மூடிவிட்டது, வெளிச்சம் எது நிழல் எது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவ்வளவு ஆழத்தில் கிடக்கிற தண்ணீரை எந்தக் கண்ணால் பார்ப்பார்? நான் அதைக் கேட்கவில்லை. “சோறு ஆறிப்போவுதுங்க, வாங்க” என்றேன். வந்தார், சாப்பிட்டார். கொள்ளுப் பருப்பு நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். வழி தவறிப் போய் அங்கே நின்றாரா, வழி தெரிந்தேதான் போனாரா என்று எனக்கு இதுவரை தெரியாது. இத்தனை வாய் பேசுகிறவளுக்கு அதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

சாமி, பொங்கலன்று நடந்ததை நீ மறந்திருப்பாய். எனக்கு அது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் முதல் கண் போன கதையைச் சொல்ல வேண்டும். அதை உனக்கு நாங்கள் முழுதாகச் சொன்னதில்லை.

நீ பட்டணத்துக்கு டாக்டர் படிப்பு படிக்கப் போன வருஷம்தான் அவருக்கு வலது கண்ணில் புரை முற்றியது. வளர்த்த மகன் டாக்டருக்குப் படிக்கிறான், நாம் நாட்டு மருந்தைப் பிழிந்து விட்டுக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும் என்று சொல்லி, அவரே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். சேலம் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி. பேரை எழுத மனசில்லை, ஏனென்றால் அங்கே இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆண்கள் வார்டுக்குள் பெண்பிள்ளைகள் போகக்கூடாது. சாயங்காலம் மணி அடித்த பிறகு சற்று நேரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் பின்பக்கத்துச் சமையல் கொட்டகையில் என்னைப் போலக் கஞ்சி காய்ச்ச வந்த பெண்களோடு உட்கார்ந்திருப்பேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் சில நாள் வார்டில் வைத்துக் கண்ணுக்கு மருந்து விட்டார்கள். டாக்டர் காலையில் சுற்றி வருகிறபோது வார்டு ஆள் ஒருவன் முன்னால் ஓடிவந்து “எந்திரிங்க, எந்திரிங்க, அய்யா வராரு” என்று சத்தம் போடுவான். எல்லோரும் எழுந்து கட்டிலுக்குப் பக்கத்தில் கை கட்டி நிற்க வேண்டும். ஒருநாள் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்க உன் பெரியப்பாவுக்குச் சற்றுத் தாமதமாகிவிட்டது. “ஏனய்யா, மாமியா ஊட்டுக்கு விருந்துக்கு வந்த மாதிரிக் காலை நீட்டிக் கெடக்கறயே, அய்யா வர்றது தெரியல?” என்று அத்தனை பேருக்கு முன்னால் அவன் கேட்டுவிட்டான். ஊரில் நாலு பேர் எழுந்து வணக்கம் சொல்லுகிற மனுஷன். சாயங்காலம் என்னிடம் அதைச் சொல்லிச் சொல்லி வெட்கப்பட்டார். மறுநாளிலிருந்து பூட்ஸ் சத்தம் தூரத்தில் கேட்டதுமே வார்டில் முதல் ஆளாய் எழுந்து நின்றது அவர்தான்.

ஆபரேஷன் ஆயிற்று. இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பைகளை வைத்து மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். “அசையாமப் படுத்திருக்கணும், பெரியவரே” என்று நர்ஸம்மா சொன்னாள். “சரிங்கம்மா” என்றார் இவர். ஏன் அசையக் கூடாது என்று அவள் சொல்லவில்லை, அவளுக்கு அந்தப் பக்கம் இன்னும் எத்தனையோ கட்டில் இருந்தது. ஏன் என்று இவரும் கேட்கவில்லை, பெரிய இடத்தில் ஏன் என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர். டாக்டர் வந்தால் எழுந்து நிற்கிற சட்டம் இனிமேல் உனக்கு இல்லை என்று அந்த வார்டு ஆளும் சொல்லவில்லை. நர்ஸம்மா இவரிடம் அசையாதே என்று சொன்னது அவனுக்குத் தெரியவும் தெரியாது. நம் மலைமேல் இருக்கிற சாமி பாதி அப்பன், பாதி அம்மை. ஆனாலும் உடம்பு ஒன்று, உயிர் ஒன்று. வலது பக்கம் அறிந்தது இடது பக்கத்துக்குத் தெரியாமல் இருக்குமா? அந்த வார்டிலோ ஒரு கட்டிலைச் சுற்றி வேலை செய்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமலே வேலை செய்தார்கள்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். கட்டு அவிழ்க்கிற நாளில் உள்ளே சீழ் பிடித்திருந்தது. “ஆள் எழுந்திருக்கிறான். புண் பிரிந்திருக்கிறது. அன்றைக்கே யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் காப்பாற்றப் பார்த்திருப்பேனே” என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாராம். கண் போய்விட்டது. உனக்குப் பெரியப்பாவின் கண் சரியாக வரவில்லை என்று ஒரு வரி எழுதிப்போட்டேன். எதற்காக எழுந்தீர்கள் என்று நான் கேட்டபோதெல்லாம் “அது கெடக்குது உடு” என்றுதான் பதில். நானும் விட்டுவிட்டேன்.

அந்தக் கதையைத்தான் இந்தப் பொங்கலன்று உன்னிடம் சொன்னார். அவராகச் சொல்லவில்லை, நீ கேட்டாய். உன்னோடு வேலை செய்கிற சிநேகிதனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாய். வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு, அவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு டாக்டர்கள் தன் வீட்டு வாசலில் கரும்பு கடிக்கிறார்கள் என்று அவருக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை! “அந்தக் கண் எப்படிப் போச்சுங்க பெரியப்பா?” என்று நீ கேட்டாய். என்னிடம் இத்தனை வருஷம் சொல்லாததை உன்னிடம் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் கையில் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டேன்.

“கண்ணு ரெண்டையும் கட்டியிருந்தாங்க சாமி. ஒரே இருட்டு. பூட்ஸ் சத்தம் கேட்டுது. பக்கத்துக் கட்டல்காரன் ‘அய்யா வராருங்கோ’ன்னான். எனக்குக் கண்ணக் குடுத்த மவராசன், அவரு வர்றப்போ கட்ட மாதிரிப் படுத்துக் கெடக்கறதா? கட்டலப் புடிச்சு எறங்கி, சத்தம் வந்த பக்கம் குனிஞ்சு, நெடுஞ்சாண்கெடையாக் கால்ல உழுந்துட்டேன்.”

“அடடா! டாக்டர் என்ன சொன்னாருங்க?”

“டாக்டரா? அது டாக்டரே இல்ல சாமி. கஞ்சிக் கணக்கு எழுத வந்த குமாஸ்தா!”

உன் சிநேகிதன் சிரித்தான். நீயும் சிரித்தாய். கரும்புச் சக்கை வாயில் இருக்க, தொடையில் தட்டிச் சிரித்தாய். “குமாஸ்தா காலிலயா உழுந்தீங்க?” என்று இன்னொரு தரம் கேட்டுச் சிரித்தாய். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். “வார்டே சிரிச்சுது போ! அந்த மனுசனும் பாவம், என்ன பண்றதுன்னு தெரியாம, ‘நல்லாயிரு, நல்லாயிரு’ன்னு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயிட்டாரு” என்றார். அதற்கும் நீங்கள் சிரித்தீர்கள். பிறகு நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இந்தப் பட்டிக்காட்டு மரியாதைதானுங்க ஆளக் கெடுக்கறது. அசையாதேன்னா அசையக் கூடாது. இதுல புரியாம என்ன இருக்குது? நாங்க எவ்வளவு பாடுபட்டாலும் உங்க ஆளுங்க இப்படித்தான்” என்றாய். “ஆமா சாமி, புத்தி பத்தாது” என்றார் அவர்.

உங்க ஆளுங்க என்றாய். யார் சாமி அந்த ஆளுங்க?

நீ அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மிச்சத்தையும் உன்னிடமே சொல்லியிருப்பார். நீ ரயிலுக்குப் போன பிறகு நான் கேட்டேன், நான் விடுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

“அன்னைக்கு எந்திரிச்சப்பவே வலிச்சுதுங்களா?”

“சுருக்குன்னுது. அப்புறம் நெருப்ப வெச்ச மாதிரி எரிஞ்சுது.”

“டாக்டருகிட்டச் சொன்னீங்களா?”

“சாயங்காலம் நெசமாவே அவரு வந்தாரு. எப்படி இருக்குதுன்னு கேட்டாரு. நல்லாருக்குதுங்கன்னேன்.”

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“சொன்னா எப்படி ஆச்சும்பாங்க. குமாஸ்தா கதைய மறுக்காச் சொல்லோணும். மறுக்காச் சிரிப்பாங்க.”

அந்த நாட்களில் தினமும் சாயங்காலம் கஞ்சியோடு நான் போய் அவர் தலைமாட்டில் நின்றேன். எனக்கும் அதே பதில்தான். நல்லாருக்குது, நல்லாருக்குது. கட்டுக்குள்ளே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. குமாஸ்தா பார்த்தார், தன் மேல் பழி வருமென்று பேசவில்லை. வார்டு ஆள் பார்த்தான், அவனும் அப்படியே. பக்கத்துக் கட்டில்காரன் ஏழை, வாயைத் திறந்தால் தன் கட்டிலுக்கு ஆபத்து என்று நினைத்திருப்பான். சிரிக்க ஒரு வார்டே இருந்தது, டாக்டரிடம் போய்ச் சொல்ல ஒரு ஆள் இல்லை. அவர் விழுந்ததால் அந்தக் கண் போகவில்லை சாமி. விழுந்த பிறகு யாரும் பேசாததால் போயிற்று.

இப்போது அடுத்த கண்ணுக்கு வருகிறேன். பொங்கலன்று சிரித்து முடித்துவிட்டு நீ டார்ச்சு விளக்கை எடுத்து அவருடைய இடது கண்ணைப் பார்த்தாய். சிநேகிதனும் பார்த்தான். பிறகு நீங்கள் இரண்டு பேரும் நாலடி தள்ளி நின்று இங்கிலீஷில் பேசிக்கொண்டீர்கள். எவ்வளவு நேரம் பேசினீர்கள் தெரியுமா? அத்தனை நேரமும் அவர் முகத்தை அண்ணாந்து, நீ பிடித்துவைத்தபடியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே இறக்கலாமா கூடாதா என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கடைசியில் வந்து தோளைத் தட்டி, “சரிங்க பெரியப்பா, பாக்கலாம்” என்றாய். அவ்வளவுதான். மறுநாள் வண்டி ஏறும்போது என்னிடம் தனியாகச் சொன்னாய்: “கண்ணுல புரை நல்லா முத்தியிருக்குது பெரியம்மா. ஆபரேசன் பண்ணலாம், பார்வை வரும். ஆனா வெயில் காலத்துக்குள்ள பண்ணோணும். உட்டா உள்ளுக்குள்ள ஊதிரும், அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.”

என்னிடம் சொன்னாயே, அது என் கண்ணா? அவர் பத்தடி தள்ளி மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். வயசானவர், பயப்படுவார் என்று நினைத்தாயோ என்னவோ. நான் ஓடிப்போய் அன்றைக்கே அவரிடம் சொன்னேன், பார்வை வருமாம், பார்வை வருமாம் என்று குதித்தேன். அவர் ஒரு பாட்டம் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்:

“எங்கிட்ட அப்படிச் சொல்லுன்னு உங்கிட்டச் சொல்லியிருப்பான். நல்ல சேதியா இருந்தா எங்கிட்டயே சொல்லியிருக்க மாட்டானா? எதுக்கு இங்கிலீசுல பேசறாங்க? நல்லதை யாராச்சும் ஒளிச்சுப் பேசுவாங்களா, புள்ள?”

நான் என்ன பதில் சொல்லட்டும்? நீயே சொல். அதற்கு மேல் நான் எத்தனை சத்தியம் செய்தாலும் அது பெண்டாட்டி சமாதானம் சொல்கிற பேச்சாகிவிட்டது. அவர் மனசில் அந்தக் கண்ணும் போய்விட்டது. உள்ளூர் ஆஸ்பத்திரி வேண்டாம், நீ வேலை செய்கிற இடத்துக்கே போவோம் என்றும் சொல்லிப் பார்த்தேன். “எந்த ஊரா இருந்தா என்ன? கண்ணக் கட்டிட்டா வர்றது யாரு, போறது யாருன்னு தெரியாது. ஒருத்தன் வந்து கையப் புடிக்கறான். ஒருத்தன் வாயத் தொறங்கறான். யாருன்னு சொல்றதில்ல, எதுக்குன்னு சொல்றதில்ல. வேண்டாம், போறது போகட்டும்” என்கிறார். இப்போதெல்லாம் பண்ணையத்து ஆள் மாரப்பனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எந்தக் காட்டுக்கு எப்போது தண்ணீர் கட்டுவது, எந்த மாட்டுக்கு எந்தப் பக்கம் நோவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார். ஊருக்குப் போகிறவன் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி. மாரப்பன் என்னிடம் வந்து, “ஏனுங்காத்தா, பெரியவரு எங்க போறாருங்க?” என்று கேட்கிறான். நேற்றுக் கிணற்றடியில் அவரைப் பார்த்தபோது அந்தக் கேள்விதான் என் காதில் விழுந்தது.

உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. உன்னைப் பெற்றவள், என் தங்கச்சி, எப்படிப் போனாள் என்று உனக்குத் தெரியும், பிரசவத்துக்குப் பின்னால் வந்த காய்ச்சல் என்று. தெரியாதது ஒன்று இருக்கிறது. அவளைப் பார்க்க டவுனிலிருந்து ஒரு டாக்டரைக் கூட்டிவந்தார்கள். அவர் தங்கமான மனுஷர். வாசற்படியில் நின்று “அம்மா, வயிற்றில் வலி உண்டா, தீட்டு எப்படி இருக்கிறது?” என்று கேட்டார். அவளுடைய மாமனார் அவருக்குப் பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு நின்றார். மாமனார் காதில் விழ எந்த மருமகள் அதற்குப் பதில் சொல்வாள்? “ஒண்ணுமில்லீங்க” என்றாள். அவர் காய்ச்சலுக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பெரியவரைச் சற்று அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு இன்னொரு தரம் கேட்டிருந்தால், அவள் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருப்பாள். எனக்குத் தெரியும், என்னிடம் சொல்லி அழுதாள். நானும் சின்னவள், அதை டாக்டரிடம் எடுத்துச் சொல்லலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. பச்சைக் குழந்தையாக நீ என் மடிக்கு வந்தாய்.

அதனால்தான் சாமி, நீ டாக்டரானபோது நான் மலைக்கு நடந்தே போய்ப் படியெல்லாம் மஞ்சள் குங்குமம் வைத்தேன். நீ வார்டில் நிற்கும்போது உனக்கு முன்னால் படுத்திருப்பவர்கள் எல்லோரும் இப்படிப்பட்டவர்கள்தான் என்று நினைத்துக்கொள். நாங்கள் பெரியவர்களிடம் வலிக்கிறது என்று சொல்லிப் பழகவில்லை. கேட்டவர் மனசு நோகக் கூடாது என்று நல்லாருக்குதுங்க என்போம். அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடாதே. உட்கார்ந்து இன்னொரு தரம் கேள், எங்கே வலிக்கிறது என்று கேள். ஒன்றைச் செய்யாதே என்று சொன்னால் செய்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல். எதற்கும் தலையாட்டுவோம், அதை நம்பாதே, நான் சொன்னதை நீங்கள் திரும்பச் சொல்லுங்கள் பார்க்கலாம் என்று கேள். நோயாளியிடம் சொன்னதை நர்ஸம்மாவிடமும் சொல், கஞ்சி கொண்டுவருகிறவனிடமும் சொல். அவர்கள் ஏதாவது தப்பைக் கண்டால் உன்னிடம் பயமில்லாமல் வந்து சொல்லும்படி வைத்துக்கொள். வந்து சொன்னவனை அடிக்கப் போகாதே. இதையெல்லாம் உன் சிநேகிதனுக்கும் படித்துக் காட்டு, அந்த நர்ஸம்மாக்களுக்கும் படித்துக் காட்டு. மூன்றாம் வகுப்பு படித்தவள் டாக்டர்களுக்குப் பாடம் எடுக்கிறாள் என்று சொன்னால் சொல்லட்டும். கண் போன வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

உனக்கு இதெல்லாம் தெரியாததும் இல்லை. சின்னப்பையனாக இருந்தபோது உன் காலில் கருவேல முள் ஏறினால் நீ என்னிடம் வரமாட்டாய், நான் பட்டென்று இழுத்துவிடுவேன். அவரிடம்தான் போவாய். “இப்ப ஊசி வெக்கறேன் சாமி. இப்ப ஒரு பக்கம் கீறறேன், சித்தெ எரியும். போதும்னா போதும்னு சொல்லு, நிறுத்திக்கறேன்” என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லித்தான் எடுப்பார். நீ ஒருநாளும் போதும் என்று சொன்னதில்லை. அப்படி எடுத்தவர் இன்றைக்கு உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்கக் காத்துக்கொண்டிருக்கிறார்.

லீவு கிடைக்காது என்று சொல்லாதே. சண்டைக் காலம், ஆஸ்பத்திரி நிரம்பிக் கிடக்கிறது, ரயிலில் நிற்க இடமில்லை, எல்லாம் எனக்கும் தெரியும். காலில் விழு என்றால் உன் பெரிய டாக்டர் காலில் நான் வந்து விழுகிறேன். கடிதம் போடுகிறேன் என்றும் சொல்லாதே. அதை நான்தான் படித்துக் காட்ட வேண்டும், நானாகச் சேர்த்துப் படிக்கிறேன் என்பார். நீ வர வேண்டும். வந்து நின்றுகொண்டு பேசாதே. அவர் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு வேப்பமரத்தடியில் நீங்கள் இங்கிலீஷில் என்ன பேசினீர்கள் என்று ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொல். கெட்டது ஏதாவது இருந்தாலும் மறைக்காமல் சொல், அவர் தாங்குவார். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க மாட்டேன் என்கிறார். எத்தனை நாள் கண் கட்டியிருக்கும், அத்தனை நாளும் யார் யார் பக்கத்தில் வருவார்கள், வந்தால் நான் இன்னார் என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார்களா, இதெல்லாம் சொல். என்னைப் பக்கத்தில் உட்காரவிட மாட்டார்களா என்றும் கேட்டுக்கொண்டு வா. வெயில் இப்போதே ஏறத் தொடங்கிவிட்டது. செங்கோட்டு ஆண்டவனிடம் நான் தினமும் அழுகிறேன். ஆனால் அவன் வந்து இவரிடம் பேசப்போவதில்லை. பேச வேண்டியது நீ.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கட்டிலிலிருந்து குரல் வருகிறது.

“பேனாச் சத்தம் கேக்குது. யாருக்கு எழுதற?”

“உங்க மகனுக்குத்தானுங்க.”

“என்னன்னு?”

“ஒருநடை வந்துட்டுப் போகச் சொல்லி.”

“அவனுக்கு ஆயிரம் சோலி இருக்கும். வரச் சொல்லி எழுதாத.”

நான் பேனாவை நிறுத்தவில்லை. அந்தச் சத்தம் நிற்காததைக் கேட்டு மறுபடியும் சொன்னார்:

“அவன் சிரிச்சதுல எனக்கு வெசனம் ஒண்ணுமில்லைன்னு எழுது. நல்லாத்தான் இருக்கறேன்னு எழுது.”

அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன், சாமி. நீ அதை நம்பிவிடாதே. புறப்பட்டு வா.

உன் பெரியம்மா